என் காதா, கித்தாரா?

மூன்றாவது கம்பிதான் என் நிம்மதியைக் கெடுத்தது. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சை விளக்கு எரியும்வரை கித்தாரின் திருகை மெல்ல முறுக்குவேன். பச்சை வந்துவிட்டது என்று வாசிக்க ஆரம்பித்தால், ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தக் கம்பி எங்கோ இறங்கிப்போனதுபோல் கேட்கும். இறங்கியது கம்பியா, என் காதா? மூன்று வாரம் இந்த ஒரு கேள்வியோடுதான் எழுந்தேன், படுத்தேன்.

காதைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. ஈப்போவுக்கு வெளியே ஒரு கல் குவாரியில் இருபத்தாறு வருடம் கல் நொறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். காதை அடைத்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவன் அடிக்கும் நக்கல் கேட்காது; கேட்காத நக்கலுக்குப் பதில் சொல்லவும் முடியாது. ஒரு பதில் பாக்கி நின்றால்கூட எனக்குச் சோறு இறங்காத வயது அது. இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குவாரியை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. சத்தமே இல்லாத வேலை, அதனால் காது பிழைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா பாலுக்காக மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் இன்று கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. பாதி எண்ணெய்க்கான செம்பனை, மீதி வீடுகள். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஜனையில் முதலடி எடுத்துக் கொடுப்பது பல வருடமாக என் பொறுப்பு. வேறு எதிலும் நான் முதல் ஆளாக இருந்ததில்லை. அன்று பாதிப் பாட்டில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு கட்டையில் பிடித்து வாசித்தார். எனக்காகத்தான் மாற்றினார் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்தது. நான் சுண்டல் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அரசு மருத்துவமனையில் காது சோதனைக்கு நாள் குறித்து ஒரு அட்டை கொடுத்தார்கள். மனைவி அதைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது. ஒருநாள் எழுத்து தெரியாதபடி திருப்பி ஒட்டிவிட்டேன். காது போய்விட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றால் முதலடியை நானாகவே வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனைக்குப் போவதற்குப் பதிலாக ஒரு மின்கித்தார் வாங்கினேன். புதிதாகக் கற்பவர்களுக்கு விற்கிற மலிவு ரகம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் சத்தம் நேராக உள்ளே போகும், காதைப் பழக்கிச் சரிசெய்துவிடலாம் என்பது என் கணக்கு. சித்தியவானில் இருக்கும் அக்கா தொலைபேசியிலேயே சிரித்தாள். “அப்பா கித்தா வெட்டுனாரு, நீ கித்தார் வெட்டப் போறியா?” என்றாள். நானும் சிரித்தேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

மனைவியிடமும் சொல்லவில்லை. அவளோடு எனக்கு வேறொரு வழக்கு இருந்தது. கொஞ்ச காலமாக அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. சோறு போடட்டுமா என்பதைக்கூடப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்பாள். முன்பெல்லாம் அவள் பேசுவது அடுத்த அறைக்கே எட்டாது. “ஏன் இப்படிக் கத்துற, நான் என்ன செவிடனா?” என்று பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கித்தார் வந்த ஒரு வாரத்தில் சரஸ்வதி பூசை. என் பழைய ஸ்பேனர், அவளுடைய கத்தரிக்கோல், கார் சாவி ஆகியவற்றோடு கித்தாரையும் சாமி படத்துக்கு முன்னால் படுக்க வைத்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். கித்தாருக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். மறுநாள் காலையில் முணுமுணுத்துக்கொண்டே ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது கம்பி சுருதியை விட்டு ஓட ஆரம்பித்தது. முதலில் புதுக் கம்பி மாற்றிப் பார்த்தேன். திருகில் சுற்று குறைவாக இருந்தால் நழுவும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், கழற்றி மறுபடி சுற்றினேன். புதுக் கம்பியைக் கையால் இழுத்துவிட வேண்டும் என்றார்கள், விரல் சிவக்க இழுத்தேன். திருகாணிகளையெல்லாம் இறுக்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வாசித்து முடித்ததும் செயலியை இன்னொரு முறை பார்த்திருந்தால் குற்றவாளி யார் என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்த்து, அப்போதும் பச்சை விளக்கே எரிந்துவிட்டால்? எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை கித்தாரைத் தூக்கிக்கொண்டு பழைய டவுனில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். பழுது பார்ப்பவள் என் வயது இருக்கும் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் பேசிக்கொண்டோம். அவள் சுருதி சேர்த்து, கம்பியை விரலால் வளைத்து வளைத்து வாசித்தாள். எந்த நொடியில் மூன்றாவது கம்பி இறங்கியது என்று எனக்குப் பட்டதோ, அதே நொடியில் அவளும் முகத்தைச் சுளித்தாள். ஓடிவிட்டது என்றாள். அவள் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. என் காது பொய் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் நொறுங்கிய கல்லெல்லாம் என்னை விட்டு இறங்கியது மாதிரி இருந்தது.

அவள் கித்தாரின் தலைப்பக்கத்தை என் காதுக்கு அருகே கொண்டுவந்து திருகை மெதுவாகத் திருப்பினாள். “டெங்கார்?” என்றாள். கேட்கிறதா என்கிறாள். எனக்கு எதுவும் கேட்கவில்லையே என்று விழித்தேன். மறுபடி திருப்பி, என்னையே பார்த்தாள். கேட்டதுபோல் தலையாட்டிவிட்டேன்.

கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். கம்பிகள் அதில் வெட்டிய காடிகள் வழியாகத்தான் போகும். அவள் கம்பியைத் தளர்த்தி ஊசியால் மூன்றாவது காடியைச் சுரண்டினாள். வெளிர்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மூக்கருகே வைத்து முகர்ந்தாள். “பாவ் செம்பாயாங்” என்று சிரித்தாள். சாமி கும்பிடுகிற வாசனையாம். சந்தனம். நான்தான் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து அதைக் காடிக்குள் ஏற்றியிருக்கிறேன். காய்ந்த சந்தனத்தில் கம்பி ஒட்டிக்கொள்கிறது, திருகும்போது ‘டிக்’ என்று விடுபட்டுத் தாவுகிறது, வாசிக்கும்போது மறுபடி நழுவுகிறது என்று விளக்கினாள். இவ்வளவு நாள் அந்த டிக் சத்தத்தை வைத்தே நீ கண்டுபிடித்திருக்கலாமே என்றும் சொன்னாள். பிறகு ஆறு காடிகளையும் சுத்தம் செய்து, பென்சில் கரியைத் தடவிக் கொடுத்தாள். மூன்றாவது கம்பி அதற்குப் பிறகு அசையவே இல்லை.

காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சுருதி விலகியதைச் சரியாகப் பிடித்த காதுதான், அது ஏன் விலகியது என்று சொன்ன சத்தத்தைக் கேட்கவில்லை. வந்த சந்தோஷம் முழுதாகக் கையில் தங்கவில்லை. அதற்கு யார் மேலாவது பாய வேண்டும்போல இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சந்தனத்துக்காக மனைவியை நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்தேன்.

மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கித்தாருக்கு யாராவது இவ்வளவு சந்தனம் அப்புவார்களா என்று ஆரம்பித்தேன். அவள் குழாயை மூடினாள். என் பக்கம் முழுதாகத் திரும்பி நின்ற பிறகுதான் பேசினாள். எப்போதிலிருந்து இப்படித் திரும்பி நின்று பேசுகிறாள் என்று எனக்கு நினைவில்லை.

“கழுத்துக்கு மேல அந்த வெள்ளைப் பட்டை நெத்தி மாதிரி இருந்துச்சு, அங்க வச்சேன். உங்க காதுக்காகத்தாங்க வேண்டிக்கிட்டு வச்சேன்.”

கேட்க வந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டேன். நான் திருகும்போது டிக் என்று ஒரு சத்தம் வருமாமே, உனக்குக் கேட்டிருக்கிறதா என்று விசாரித்தேன். பூசைக்கு மறுநாளிலிருந்து கேட்கிறது, அந்தக் கருவியே அப்படித்தான் போலிருக்கு என்று நினைத்தாளாம்.

“என் காது போகுதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வருசம் இருக்கும்லா.”

குளிர்பெட்டிக் கதவிலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பினேன். சோதனைக்குக் குறித்த நாள் போன புதன்கிழமையே போய்விட்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு எது வந்தாலும் அது முதலில் கோபமாகத்தான் வரும். இரண்டு வருடமாகத் தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் ஈரக் கையோடு பக்கத்தில் வந்தாள். எந்தக் குரலுக்கு நான் எரிந்து விழுவேனோ அதே உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

“சொன்னேன். உங்களுக்குக் கேக்கல.”