பத்ரிநாத் வீட்டுச் சிவப்புப் பொட்டுகள்

இன்று மராத்திக்காரர்கள் ஊரான நிக்டியில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கரப்பான்பூச்சிக்கு நெயில் பாலிஷ் வைத்துப் பழிவாங்கிய கிரிஜா அக்காவை! அவர் கதையைக் கேட்டதிலிருந்து கை பரபரக்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

கிரிஜா திருநெல்வேலியில் விலங்கியல் படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். மூன்றாவது மாடி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். போன மழைக்காலத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி பத்ரிநாத், வாட்ஸப் குரூப்பில் ஒரு கரப்பான் படத்தைப் போட்டார். “எல்லாம் மாவுக் கிச்சன்ல இருந்துதான் வருது. எங்க வீட்ல ஒண்ணுகூடக் கிடையாது.” அவ்வளவுதான், மாவு வாங்க ஆள் வரவில்லை. அரைத்தது புளித்துப் பொங்கிக் கிடந்தது.

கரப்பான் கூடு எங்கே என்று கிரிஜாவுக்குத் தெரியும். கீழே சாக்கடைத் தொட்டி. அதன் மூடிமேல் டைல்ஸ் ஒட்டித் தன் காரை நிறுத்தியிருந்தார் பத்ரிநாத். திறக்கச் சொன்னால் எரிந்து விழுவார்.

“அத தொறக்க வைக்கல, நான் கிரிஜா இல்ல” என்று மகள் வைஷுவின் நெயில் பாலிஷை எடுத்தார்.

“அம்மா, அது புதுசும்மா! கரப்பானுக்கா?”

“பேசாம இருட்டி. உனக்கு வேற வாங்கித் தாரேன்.”

ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலின் உள்வாயில், விழுந்தது ஏறி வராதபடி வாஸ்லின் தடவி, உள்ளே பிஸ்கட் போட்டு, குழாய்கள் இறங்கும் சந்தில் வைத்தார். நாற்பது கரப்பான் விழுந்தன. பாட்டிலை ஐஸ் தண்ணீரில் வைத்து அவற்றை மயங்கச் செய்து, முதுகில் சிவப்புப் பொட்டு வைத்து, அதே சந்தில் விட்டார். சில நாள் கழித்து மறுபடி பிடிக்க வேண்டும். நிறையப் பொட்டு தென்பட்டால் மொத்தக் கூட்டமே சின்னது. ஒரு கிச்சனுக்குள் அடங்கும். பொட்டு அபூர்வமானால் கூட்டம் பெரியது.

இரண்டாம் முறையும் நாற்பது. பொட்டு வைத்தவை இரண்டே இரண்டு! இருபதில் ஒன்றுதான் பொட்டு வைத்தது, பொட்டு வைத்ததோ நாற்பது என்றால், மொத்தம் எண்ணூறு.

சொசைட்டி கூட்டத்தில் கணக்கைச் சொன்னார். “எண்ணூறு கரப்பான் என் கிச்சன்ல குடியிருக்க முடியுமா? தொட்டியத் தொறங்க.”

பத்ரிநாத் துள்ளி எழுந்தார். மராத்தியில் ஆரம்பித்தவர் கோபத்தில் தாய்மொழியான தமிழுக்குத் தாவினார். “தப்புக் கணக்கு! பொட்டு வெச்சது ஏன் கம்மி தெரியுமா? பொட்டு வெச்ச ஏழு கரப்பான நானே செருப்பால அடிச்சுக் கொன்னேன்!”

கிரிஜாவுக்குச் சர்க்கரை தின்றதுபோல் இருந்தது. “எங்க வெச்சு அடிச்சீங்க, சார்?”

“எங்க பாத்ரூம்லதான்!”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கிரிஜா அதை ஒவ்வொரு சொல்லாக, ருசித்து ருசித்து, எல்லோருக்கும் மராத்தியில் சொன்னார். சிரிப்பில் கூடம் அதிர்ந்தது.

“சார் சொல்றதும் நியாயம்தான். பொட்டு வெச்ச நாப்பதுல செத்த ஏழு கரப்பானையும் கழிச்சிடுறேன். மீதி முப்பத்திமூணு, இருபது மடங்குன்னா அறுநூத்தி அறுபது. போதுமா, சார்?”

மறுநாளே கார் நகர்ந்தது, டைல்ஸ் உடைந்தது. மூடியைத் தூக்கியதும் பழுப்பாய்க் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்து வாட்ச்மேனே ஓடினாராம். பத்ரிநாத் குரூப்பில் மன்னிப்புக் கேட்டார். கிரிஜா அதற்கு ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. “அவரு வீட்டுக்கு மட்டும் இன்னும் மாவு கெடையாது” என்று அவர் சிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது!

நிக்டி பக்கம் போனால் அவரிடம் மாவு வாங்குங்கள். இதை உங்கள் சொசைட்டி குரூப்பிலும் போட்டுவிடுங்கள், செக்ரட்டரி கண்ணில் படும்படியாக.