உறை மிஸ்

மருந்தகத்தில் பிரஷாந்தி, டொக்டர் எழுதி அனுப்பும் ஒவ்வொரு மருந்துத் துண்டையும் இரண்டு முறை வாசிப்பார். முதலில் கண்ணால், பிறகு ஓசையின்றி உதட்டால். அதன் பின்னரே அலுமாரிப் பக்கம் திரும்புவார். "முந்திக் குடிச்ச குளிசையிட உறையக் கொண்டந்தீங்களா?" என்று பழைய மாத்திரை உறையைக் கேட்காமல் ஒருவரையும் அனுப்பமாட்டார். ஆரையம்பதிப் பெண்கள் அவருக்கு 'உறை மிஸ்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்.

மருந்தகம் டொக்டரின் மனைவிக்குச் சொந்தம். டொக்டரின் அறை அடுத்த கதவு. சென்ற மாதம் மருந்து நிறுவனமொன்றின் செலவில் டொக்டர் குடும்பத்தோடு பாங்கொக் மாநாட்டுக்குப் போய்வந்தார். அதன்பின் பிரஷருக்கென்று வருகிற துண்டுகளிலெல்லாம் அந்த நிறுவனத்தின் புதிய குளிசையே இருக்கிறது. பிரஷாந்திக்கு முன் மருந்தகத்தில் நின்றவர், டொக்டர் எழுதியதைக் கேள்வி கேட்டே வேலையை இழந்தவர்.

இன்று காலை, வாவியில் வலை வீசும், ஊரே 'அப்பா' என்றழைக்கும் அருமைநாயகம் துண்டோடு பழைய உறையையும் நீட்டினார். ஆறு வருடங்களாக அந்தக் குளிசையில் அவருடைய பிரஷர் அடங்கியே இருந்தது. புதியதன் விலையைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"பாதி தாங்க மகள். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கிறன். மறுகா பாப்பம்."

"அப்பிடிக் குடிக்கப்படா அப்பா. தோணியில தலை சுத்தி விழுந்திருவீங்க."

"விழுந்தா என்ன? எனக்கு நீந்தத் தெரியாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரஷாந்தியால் சிரிக்க இயலவில்லை. இப்படிப் பாதி வாங்கிப்போன ஆச்சிப்பிள்ளை என்ற மூதாட்டி, பக்கவாதத்தில் வாய் கோணி, நான்கு நாட்களாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

டொக்டர் எழுதிக் கொடுக்காமல் மருந்தை மாற்றப் பிரஷாந்திக்கு உரிமை இல்லை. தொலைபேசியில் டொக்டரை அழைத்தார்.

"சேர், அருமைநாயகம் அப்பாக்குப் பழைய குளிசையே நல்லாக் கேக்குது. அதையே..."

"எழுதினதைக் குடுங்க பிரஷாந்தி. டொக்டர் நானா, நீங்களா?"

தொடர்பு அறுந்தது. வரிசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு பிரஷாந்தி வெளியே வந்தார்.

"வாங்க அப்பா."

அருமைநாயகத்தின் முழங்கையைப் பற்றியபடி அடுத்த கதவைத் தள்ளினார். உள்ளே, நோயாளிகள் அமரும் நாற்காலியில், கழுத்துப்பட்டி அணிந்த, அந்த மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி சாய்ந்திருந்தார். டொக்டர் நிமிர்ந்தார்.

"என்ன இது?"

பிரஷாந்தி அருமைநாயகத்தை நாற்காலியருகே கொண்டுவந்து நிறுத்தினார். கையை அந்த நாற்காலியின் முதுகில் வைத்து, பிரதிநிதி எழும்பும்வரை எடுக்காமல் நின்றார்.