அக்காவின் எட்டு நிமிஷம்

சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டை அடித்துக்கொள்ளத் தண்டையார்பேட்டையிலேயே ஆள் கிடையாது. அம்மா பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். அவளுடைய மகள் என்பதில் எனக்கு அப்போது பெரிய கர்வம். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் சந்தேகம் அக்காவின் மேல் விழுந்தது. அவளுக்கு இன்ஜினியரிங் கடைசி வருடம். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். தண்ணீர் டேங்க்கைப் பார்த்துப் பேசுவாள், நிறுத்துவாள், யாரோ கேள்வி கேட்பதுபோலத் தலையாட்டுவாள், சிரிப்பாள், மறுபடியும் பேசுவாள். கேட்டால், செய்த புராஜெக்ட்டை எட்டு நிமிஷத்தில் எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும், அதற்குப் பழகுகிறேன் என்றாள்.

"படிக்கிறவ எதுக்குடி சிரிக்கிறா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. மூன்று பையன்களோடு சேர்ந்து செய்கிற புராஜெக்ட் என்று தெரிந்ததும் அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை.

டேங்க்குக்குப் பின்னால் ஒளிந்து உளவு பார்த்தேன். இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். அக்கா திட்டவில்லை, என்னையே வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். டிரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது ஒட்டி வருகிற பைக், டிரைவரின் கண்ணில் படவே படாது. அப்படி ஒன்று வந்தால் உள்ளே மணி அடிக்கிற கருவிதான் புராஜெக்ட். யோசனை அக்காவுடையது. அப்பாவோடு போய், எண்ணூர் ரோட்டில் வண்டி நகராமல் நிற்கும்போது இறங்கி டேப் பிடித்து அளந்ததும் அவள்தான். பையன்கள் மூவரும் பெயர் கொடுத்ததோடு சரி.

மாடியில் நாற்காலி போட்டு, அதுதான் டிரைவர் சீட் என்று என்னை உட்கார வைப்பாள். நான் திரும்பக் கூடாது, கையிலிருக்கிற கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். இடதுபக்கம் எங்கோ நின்றுகொண்டு, "நான் தெரியறேனா?" என்பாள். இல்லை என்பேன்.

"அவ்ளோதான் மேட்டரு. மொதல்ல இத்தச் சொல்லணும். சர்க்யூட்டுலாம் அப்பால."

திரையைப் பார்த்து வாசிக்கக் கூடாது, கேட்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மழையில் சோதித்தீர்களா என்று கேட்டால், இன்னும் இல்லை என்று உள்ளதைச் சொல்ல வேண்டும், அதையும் அசடு வழியாமல் சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு இதற்குத்தான். விளக்கும் நாளன்று ஒரு கம்பெனிக்காரர் வந்து உட்காருவாராம், நன்றாக விளக்குகிறவர்களை வேலைக்கு எடுப்பாராம். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகணும் என்றாள்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். "டேங்க்கப் பாத்தே இப்புடிச் சிரிக்கிறவ, அங்க யாரப் பாத்துச் சிரிப்பாளோ?" என்றாள். எனக்கும் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. என்னையும் கூடவே அனுப்பினாள் அம்மா. அக்காவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: "அந்தப் பசங்ககிட்ட நீ பேசிகினு இருந்தேன்னு இது வந்து சொல்லிச்சுன்னு வெச்சுக்க, வேலக்கிலாம் போவ வேணாம். வூட்டோட கெட." அப்பா, வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று நழுவிவிட்டார்.

கல்லூரி வராந்தாவில் குழுக்கள் காத்திருந்தன. குழுவுக்கு ஒருவர்தான் பேச வேண்டும். டை கட்டிய பையன் ஒருவன், அக்காவின் குழுதான், அவளிடம் வந்தான்.

"அவங்க இங்கிலீஷ்லதான் கேப்பாங்க. உனக்கு நடுவுல உங்க ஏரியா பாஷை வந்துடும். நான் பேசிடறேன். நீ மாடலைப் பிடிச்சுக்கோ, போதும்."

அக்காவின் முகம் சிவந்தது. சண்டைக்கே வாயைத் திறந்தாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டடி கிட்டே போனேன். உளவாளி என்றால் காதில் விழ வேண்டாமா? அக்கா என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பென் டிரைவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

உள்ளே அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் இருந்ததை வாசித்தான். சர்க்யூட்டில்தான் ஆரம்பித்தான். டிரைவர் சீட் கடைசிவரை வரவே இல்லை. மழையைப் பற்றிக் கேட்டார்கள்; எல்லாம் சோதித்தாயிற்று என்று அடித்துவிட்டான். எங்கே, எப்படி என்றதும் திருதிருவென்று விழித்தான். கம்பெனிக்காரர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா அட்டை டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். எனக்கு அவள்மேல் இருந்த சந்தேகம் சுத்தமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "அக்கா ஒரு பையன்கிட்டகூட வாயே தொறக்கலம்மா."

ஒரு மாதமாக இல்லாத நிம்மதி அம்மாவின் முகத்தில் வந்தது. அக்காவுக்குப் பிடிக்குமே என்று வஞ்சிரம் வறுத்தாள். அக்கா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். களைப்பு என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "உன்னப் பத்தி நல்லதாத்தான்க்கா சொல்லிக்கிறேன்" என்றேன்.

"தெரியும். நீ கரெக்டாதான் பாத்துகினு இருந்தே" என்றாள், திரும்பாமல்.

அக்கா என்னைப் பாராட்டிவிட்டாள் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.