முதல் இடிக்குக் காத்திருந்த கோதுமை

பிள்ளைங்களா, நம்ம ஊர் பிஸ்கட்டவேயில், ஆளுக்கொரு பாத்தி கொடுக்கிற பொதுத் தோட்டத்தில், நம்ம பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி ஒரு அங்கிளோடது. காது வரை இழுத்துவிட்ட தொப்பி போட்டிருப்பார். முன்னே மியூசியத்தில் செக்யூரிட்டியாக இருந்தவர்.

ரொம்பப் பழைய காலத்தில் துருக்கிப் பக்கம் வாழ்ந்த ஹிட்டைட் மக்கள், இலையுதிர் காலத்தில் புதுக் கோதுமையை ஜாடியில் போட்டு மூடிவிடுவார்களாம். வசந்தத்தில் முதல் இடி கேட்டால்தான் திறந்து, ரொட்டி சுட்டு இடித் தெய்வத்துக்குப் படைப்பார்களாம். மியூசியத்தில் படித்ததாகச் சொல்வார். அவரும் தன் பாத்தியில் விளைந்த கோதுமையை வருஷா வருஷம் ஊறுகாய் ஜாடியில் போட்டு அப்படியே காத்திருப்பார்.

இந்த வருஷம் இடி வருமுன்னே மகளோடு டெக்சாஸ் போக வேண்டியதாயிற்று. கிளம்புகிற அன்று ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்பவே திறந்துடுங்க அங்கிள், யாரு கேக்கப் போறா?” என்றேன்.

“இத்தனை மாசம் காத்திருந்துட்டு ஏமாத்தறதா தம்பி? நீங்க வெச்சுக்குங்க. இடிச்சா போன் பண்ணுங்க.”

மூணு வாரம் கழித்து இடித்தது. உடனே கூப்பிட்டேன். “போனை ஜாடிகிட்ட வெச்சுத் திறங்க,” என்றார். அப்படியே வைத்து மூடியைத் திருகித் திறந்தேன்.

“அங்கே இடிக்கலையா அங்கிள்?”

“நாலு தடவை இடிச்சிடுச்சு. ஆனா அது இந்தக் கோதுமைக்கு இல்லையே.”

அந்தக் கோதுமையை அரைத்து அன்றைக்குச் சுட்ட முதல் சப்பாத்தியை ஏன் ஜன்னலில் வைத்தேன் என்று கேட்டீர்களே, இதனால்தான். அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் வைக்காமல் இருக்க மனசு வரவில்லை.