மேட்டூருக்குப் போன சாப்பாடு

எங்கள் சபை வாலிபர் குழுவுக்கு ஒரு ராசி உண்டு. எந்த ஊருக்குக் கிளம்பினாலும், போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் நேரத்துக்குப் போய்விடுவோம். அந்த மே மாதச் சனிக்கிழமை மேட்டூருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஊழியம் செய்யக் கிளம்பினோம். அங்கே இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்களுடையது. சாப்பாடு போட்டு, இடத்தைக் கூட்டிப் பெருக்கி, நகம் வெட்டிவிட்டு, நாலு பாட்டுப் பாடிவிட்டு வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்று எங்கள் தலைவர் அண்ணன் முதல் நாளே அந்த இல்லத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

ராசிபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் விடியும் முன்பே அடுப்பு மூட்டி, கோழிப் பிரியாணி தம் போட்டு, அண்டாவை வேனில் ஏற்றிவிட்டோம். வேலை என்று வந்தால் எங்கள் பிள்ளைகள் சளைத்தவர்கள் இல்லை. கிளம்புவதில்தான் சனியன் பிடித்தது. பாஸ்டர் ஐயா வழியனுப்பும் ஜெபத்தில் உலக நாடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் தலை குனிந்தபடி நின்றோம், வேன் உறுமிக்கொண்டே நின்றது. ஒருவழியாகப் புறப்பட்டு ஊரைத் தாண்டியதும் பேனரை விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. சாப்பாட்டை மறந்திருந்தால்கூடத் திரும்பியிருப்பார்களோ என்னவோ, பேனருக்காக மறுபேச்சில்லாமல் திரும்பினார்கள்.

அடுத்தது மல்லசமுத்திரம். அங்கேதான் தலைவர் அண்ணனின் மாமனார் வீடு. ஊர் வழியாகப் போகும்போது மாமியார் வீட்டு வாசலை மிதிக்காமல் போனால் குடும்பத்தில் பெரிய சண்டை வருமாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இறங்கினோம். உள்ளே போனால் பந்தி விரித்திருக்கிறார்கள். இட்லி, குடல் குழம்பு, பணியாரம். மாவு தீரத் தீர உள்ளேயிருந்து அடுத்த ஈடு வந்துகொண்டே இருந்தது. போதும் என்று இலையை மடித்தவர்களை அந்த அம்மா விடவே இல்லை. வாசலுக்கு வந்தவர்களை அரை வயிறாக அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குக் கவலை. பந்திக்கு முந்து என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது தலைவர் அண்ணனின் போன் அடித்தது. இல்லத்து வார்டன் அம்மா. சரியாகக் கேட்கவில்லை என்று அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்பாட்டு நேரமாச்சுங்க. சக்கரைக்காரங்களுக்கு ஊசி போடோணும். எங்கீங்க வந்துட்டிருக்கறீங்க?"

"வந்துட்டோமுங்க. சங்ககிரி தாண்டியாச்சு. ஊசியப் போட்டுருங்க."

சங்ககிரி எங்கே, மல்லசமுத்திரம் எங்கே! இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. அவர் தோளில் பணியாரத் தூக்குப் பையை மாமியார் அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் "வந்துட்டோம்" என்றால் இனிமேல்தான் செருப்பைத் தேடப் போகிறோம் என்று அர்த்தம். கல்யாண வீட்டுக்கு அப்படிச் சொன்னால் குடி முழுகாது. ஆனால் என் அப்பாவும் இன்சுலின் போடுகிறவர். தட்டில் சோறு விழுந்த பிறகுதான் எங்கள் அம்மா ஊசியைக் கையில் எடுப்பார். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். அதை மறக்க முடியாது.

திரும்பக் கூப்பிட்டு ஊசி போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். அவங்களுக்குத் தெரியாதாம்மா, விசுவாசமா பேசு, கர்த்தர் பார்த்துக்குவார் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி, அதற்காக நாம் பொய் சொல்ல வேண்டும் என்று அவர் எங்கே கேட்டார்? எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுத்தான் அந்த நம்பரை வாங்கினேன். மூன்று தடவை அடித்த பிறகு வார்டன் எடுத்தார். எல்லாருக்கும் ஊசி போட்டாகிவிட்டது. இப்போது மல்லசமுத்திரத்தில்தான் இருக்கிறோம் என்று நான் சொன்னதும் பதறிவிட்டார். சமையல்காரம்மாவுக்கு எங்களை நம்பி லீவு கொடுத்துவிட்டார்களாம். உடனே பிஸ்கட்டோ சர்க்கரைத் தண்ணியோ கொடுங்கள், கஞ்சி வையுங்கள் என்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் மாமியார் வீட்டு வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து மேட்டூர் வரை நான் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் கைத்தட்டிப் பாட்டு ஓடியது. சங்ககிரியில் லாரிகள் வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. எடப்பாடியில் ஒருத்திக்கு வாந்தி, அதற்கு ஒரு நிறுத்தம். அவளைத் திட்டக்கூட முடியவில்லை, அத்தனை பணியாரம் தின்றால் யாருக்குத்தான் வராது? யாருக்கு என்ன ஆகியிருக்குமோ என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. யாருக்கும் விபரீதமாக எதுவும் ஆகவில்லை. கும்பிட்டுக்கொண்டேன். வெள்ளைச் சேலையும் துவைத்த வேட்டியுமாக எல்லாரும் மதியத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேனரைக் கட்டினோம். பிறகு தலைவர் அண்ணன் ஜெபித்தார். சத்துருவின் தடைகளையெல்லாம் தாண்டி எங்களைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னார். அந்தச் சத்துரு சுட்ட பணியாரம் வேனில் இன்னும் மிச்சம் இருந்தது.

நான் பரிமாறிக்கொண்டே போனேன். கடைசி வரிசையில் ஒரு ஆத்தா தட்டையே எடுக்கவில்லை. கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்து, உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. ஊசி போட்டதுக்குப் பொறவு மேலெல்லாம் வேர்த்து, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சுங்க. ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சுப்போட்டேன். சோறு கொண்டார்றவங்க நீங்க, வர்றதுக்குள்ள வாய் வெச்சது தப்புத்தானுங்க."

தப்பு உங்களுடையது இல்லை ஆத்தா என்று என்னவோ சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. இதைத் தலைவர் அண்ணன் கேட்டே ஆக வேண்டும் என்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். ஆத்தா அவரிடமும் எழுந்து நின்று அதையே ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அண்ணன் முழுக்கக் கேட்டார். ஆத்தாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பரவால்லீங்க ஆத்தா. நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றார்.