யார் வீட்டு மண்

எனக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்கும். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அன்று பேரூராட்சிக் கூட்டத்திலும் நடுங்கியது. பயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குன்னூர் பஸ்ஸில் வந்து இறங்கி, கேரட் கழுவும் தொட்டியைத் தாண்டிப் படியேறினால் எங்கள் ஆறு வீடுகள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நோட்டீஸ் அனுப்புவார்கள். அதில் மட்டும் அவர்களுக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தான மேடு, அதற்கு மேலே பழைய தேயிலைத் தோட்டம். ஓர் ஐப்பசி மழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து எங்கள் சமையலறைச் சுவரில் சாய்ந்தது. முழங்கால் உயரம்தான். நானும் கணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அள்ளிப் போட்டிருக்கலாம். அள்ளாமல் விட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளே வார்டு கவுன்சிலர் வந்துவிட்டார். ஓட்டுக் கேட்டு வந்ததற்குப் பிறகு அவர் எங்கள் படியேறியது அன்றுதான். கையில் டைப் அடித்த மனு.

“ஏனுங்க டீச்சர், இந்தக் குளிர்ல நீங்க எதுக்குங்க மண்ணு அள்ளோணும்? பொக்லைன் வந்தா அரை மணி நேர வேலை. பர்மிஷன் இல்லாம இங்க மெஷின எறக்க முடியாதுங்களே. ஆறு ஊட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறனுங்க.”

மலையை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது என்பதற்காகத்தான் நீலகிரியில் பொக்லைனுக்கு அனுமதி வேண்டும் என்ற விதியே. சரிந்த மண்ணை அகற்ற என்று கேட்டால் மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, நன்றியும் சொல்லி, முதல் கையெழுத்தை நான்தான் போட்டேன். மனுவில் “மேற்படி பகுதியில்” என்று இருந்தது. எந்தப் பகுதி என்று கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூடச் சிவப்பு மையில் சுழித்தவள் நான்.

மெஷின் வந்தது. எங்கள் பின்புறத்தில் சொன்னபடி அரை மணி நேரம் வேலை செய்தது. பிறகு மேலே ஏறியது. பதினோரு நாள் இறங்கவே இல்லை. தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கி, மேட்டின் தலையைத் தட்டையாக வெட்டிவிட்டார்கள். பன்னிரண்டு காட்டேஜ் வரப்போகிறது என்று டிரைவர் சொல்லித்தான் தெரியும். நிலம் கவுன்சிலரின் மனைவி பெயரில். மெஷின் அவருடைய மச்சானுடையது. வெட்டிய மண்ணையெல்லாம் எங்கள் பக்கமே தள்ளிவிட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரைக்கு மேல் அது நின்றுகொண்டிருந்தது.

புகார் கொடுத்தேன். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைமை அதே கவுன்சிலர். அவர்தானே அந்த வார்டு உறுப்பினர் என்றார்கள். ஒரே வரியில் பதில் வந்தது: ஆய்வு செய்ததில் மண் வெட்டியதற்கோ கொட்டியதற்கோ அடையாளம் இல்லை.

காட்டேஜ் பிளான் பேரூராட்சி மன்றத்துக்கு வந்த அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது கவுன்சிலரும் தூக்கினார். வெட்கமே இல்லாமல், மற்றவர்களை விட உயரமாகத் தூக்கினார். நான் எழுந்துவிட்டேன்.

“நிலத்துக்காரரே கை தூக்கலாமா?”

“அது அவரு சம்சாரம் பேர்ல இருக்குதுங்க, டீச்சர்” என்றார் மன்றத் தலைவர். மேஜையிலிருந்த கோப்பைப் புரட்டி ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். “நீங்க கையெழுத்துப் போட்டுக் கேட்டுத்தானுங்க மெஷினே வந்துது. இப்ப வந்து இப்படிப் பேசுனா எப்படிங்க?”

என் கையெழுத்துதான். முதல் கையெழுத்து. சிரித்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் கூரைக்கு மேல் நின்ற அந்த மண் இறங்கியது. பகல் நேரம், நான் வகுப்பில் இருந்தேன், கணவர் கேரட் தோட்டத்தில். சமையலறைச் சுவர் விழுந்து, அடுப்பும் அரிசி டிரம்மும் மண்ணுக்கு அடியில் போயின. ஆள் யாரும் சாகவில்லை, அதனால் அதிகாரி யாரும் வரவில்லை. கவுன்சிலர் மட்டும் வந்தார். கையில் மனு.

வாங்கி, பேனாவை எடுத்து, கீழே எழுதினேன்: எங்கள் பின்சுவரிலிருந்து பத்தடிக்குள் மட்டும். அவர் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்களுது இருக்கட்டுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, வேறொரு தாளோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மற்ற ஐந்து வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர்கள் வீட்டிலும் மண். மெஷின் வந்து ஐந்து வீட்டின் பின்புறத்தையும் துடைத்து எடுத்தது. எங்கள் வீட்டைத் தாண்டி மேலே போய்விட்டது.

நானும் கணவரும் கேரட் கூடைகளை எடுத்தோம். அள்ளுவது பெரிய விஷயமில்லை, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் மலையில் பாடு. கணவர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. மேலே புதிதாகப் போட்ட ரோட்டில், காட்டேஜுக்கு வளைவு கட்டி கேட் போட்டிருந்தார்களே, அதன் முன்னால் கொட்டினோம். எட்டு நாளில் அந்த கேட்டைத் திறக்க முடியாமல் போயிற்று.

ஒன்பதாம் நாள் பேரூராட்சி நோட்டீஸ் வந்தது. தங்கள் வீட்டு மண்ணைப் பொதுப்பாதையில் கொட்டியிருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது, மூன்று நாட்களுக்குள் அகற்றவும். ஆய்வு செய்தவர் அதே கவுன்சிலர். ஒரு மலையே வெட்டுப்பட்டது தெரியாத கண்ணுக்கு எங்கள் கூடை மண் தெரிந்துவிட்டது.

சுவரில்லாத சமையலறையில் நின்றபடியே பதில் எழுதினேன். இது என் வீட்டு மண் இல்லை. யாருடையதோ அவர்கள் வாசலில் திருப்பி வைத்திருக்கிறேன். அன்றைய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது, இதிலும் அப்படியே.

தபாலில் சேர்த்துவிட்டு வந்து கூடையை எடுத்தேன். அன்று இருட்டுவதற்குள் இன்னும் பதினான்கு கூடை கொண்டுபோய்க் கொட்டினோம்.