தமிழ் வகுப்புக்கு ஆள் போதாது

பல்கலைக்கழகத்துக்குள் நான் முன்பும் பல தடவை போயிருக்கிறேன், சாப்பாட்டுப் பொதி கொடுக்க. வாசல் காவலாளி ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வார், கன்டீன் பக்கம் கையைக் காட்டுவார். பொதியைக் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமை டெலிவரி ஜாக்கெட் போடாமல்தான் போனேன். அப்படியும் பழக்கத்தில் அவர் கன்டீன் பக்கமே கையைக் காட்டினார். நான் புது மாணவன் என்று சிங்களத்தில் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு மண்டபத்தைக் காட்டினார்.

வவுனியாவில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு தலைநகர்ப் பக்கம் வந்து தெஹிவளையில் ஒரு சாப்பாட்டுக் கடை, லொறியில் உதவியாள் வேலை, கல்கிசை மாடிவீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை. எந்த இடத்திலும் சண்டை வரும்வரை இருப்பேன், இல்லையென்றால் அலுக்கும்வரை. இப்போது கொட்டாஞ்சேனையில் மூன்று பேரோடு ஒரு அறை, வாடகை மோட்டார் சைக்கிள், கைபேசியில் வரும் ஓடர்கள். பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அதெல்லாம் சொல்லிக்கொள்ளும்படியான கதை இல்லை. எந்த வேலைக்குப் போனாலும் ஒரு இடத்தில் வந்து நிற்பேன். அதற்கு மேலே ஏறப் படித்த பத்திரம் கேட்பார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான்.

இந்தப் பல்கலைக்கழகம் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படிக்காதவர்களையும் எடுக்கிறது. வார இறுதியில் ஒரு வருட அடிப்படைப் பாடநெறி. அதில் தேறினால் பட்டப்படிப்புக்குப் போகலாம். மூன்று மொழியிலும் படிக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் விண்ணப்பித்தேன். தமிழில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பேன், வடை சுற்றித் தரும் கடதாசியைக்கூட விடமாட்டேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது வீட்டு முகவரிகள் மட்டும். தமிழில் என்றால் இதை முடித்துவிடுவேன். ஆங்கிலத்தில் என்றால் இரண்டாம் மாதமே எழும்பிப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மண்டபத்தில் பேசியவர்கள் எல்லோரும் "ஆயுபோவன், வணக்கம், குட் மோர்னிங்" என்று தொடங்கினார்கள். தமிழ் அந்த வணக்கத்தோடு முடிந்தது. நூலகத்தை எப்படிப் பாவிப்பது, வகுப்புக்கு வராவிட்டால் என்ன நடக்கும், பாடங்களை எப்படித் தெரிவு செய்வது என்பதெல்லாம் சிங்களத்தில் விரிவாகவும் ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் போனது. திரையில் தமிழ் வந்த இடங்களில் எழுத்துகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. பக்கத்தில் இருந்த ஒருவர் என் தோளைத் தட்டினார். மருதானையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர், நாற்பது வயது தாண்டியிருக்கும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, அந்தப் பொட்டியெல்லாம் என்ன செல்லுது?"

"தெரியாது நானா. அதுதான் எங்கட பகுதியாம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஆலோசனை. பாடத் தெரிவுக்கும் மொழித் தெரிவுக்கும் ஆலோசகரின் கையெழுத்து வேண்டும். தமிழ் பேசுபவர்களை ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு விரிவுரையாளர் இருந்தார், யாழ்ப்பாணத்துப் பேச்சு, அன்பான மனுஷி. ஒவ்வொருவரையும் தனியாக இருத்தி மெதுவாகக் கதைத்தார். என் முறை வந்தபோது குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். போன முறை தமிழுக்கு ஆள் காணாமல் வகுப்பே தொடங்கேல்ல. பதிஞ்ச பிள்ளையள் பாவம், ஒரு வருஷம் வீணாப் போச்சுது. இப்போதைக்கு இங்கிலிஷ் போடுங்கோ. தமிழ் தொடங்கினா ரெண்டு கிழமைக்குள்ள மாறலாம்."

"எனக்கு இங்கிலிஷ் ஓடாது மிஸ்."

"பழகினா வரும்."

"எத்தினை பேர் தமிழ் போட்டா வகுப்புத் தொடங்குவினம்?"

"இருபது பேராவது வேணும். வராது தம்பி."

நான் தமிழ் என்றே போட்டேன். பிறகு தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்து வைத்தார்.

கன்டீனில் தேத்தண்ணி குடிக்கும்போது அந்த மேசைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டோம். எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதலில் ஊர் கேட்பார்கள், பிறகு வேலை, பிறகு எங்கே தங்கியிருப்பது. எந்த மொழிக்குப் பதிந்தாய் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டது நான்தான். முதலில் பதில் சொன்னவள் ஹட்டன் பக்கத்துப் பெண், வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறவள்.

"நா இங்கிலிஷ் போட்டுட்டேண்ணே. தமிழ் நடக்காதுன்னு மிஸ் தனியா கூப்பிட்டு சொன்னாங்க. பாவம், எனக்கு மட்டும் சொல்லிட்டாங்க."

"உங்களுக்கு மட்டுமா?" என்றார் மருதானை நானா. "எனக்கும் தனியாத்தான் சென்னாங்க. நானும் இங்கிலிஷ்தான் போட்டீக்கிறன். மத்தவங்க தமிழ் போடுவாங்கதானே, தொடங்கினா மறுகா மாறிக்கலாம் எண்டு."

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். எல்லோருக்கும் அதே ரகசியம், எல்லோரிடமும் அதே பதில். தமிழ் வகுப்பு எல்லோருக்கும் வேண்டும். அதைத் தொடங்குவதற்கு மற்றவன் பதிய வேண்டும்.

"அப்ப தமிழ் போட்டது ஆர்?"

ஹட்டன் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். "நீங்க மட்டுந்தான் போலண்ணே."

"அப்ப தம்பிக்குத் தனி லெக்சரர்!" என்றார் நானா. "பெரிய எடத்துப் புள்ளைக்கு டியூஷன் வெச்ச மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பினேன். எனக்கு வந்த கோபம் அந்த மிஸ்ஸிலா, இவர்களிலா, என்னிலா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. கன்டீனில் இருந்தவர்கள் இருபதுக்கு மேல், அவர்கள் மாறினாலே ஒரு வகுப்பு நடத்தலாம். அதற்கு ஒரு காசும் தேவையில்லை.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். மறுநாளே எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்து, தினமும் காலையில் பூப் படம் போட்ட காலை வணக்கம் அனுப்பினார்கள். மொழி மாறுவதைப் பற்றி எழுதினால் வரும் பதில் ஒன்றுதான்: எல்லாரும் மாறினால் நானும் மாறுவேன். வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்தின் ஓரமாக ஓடருக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம் குரல்பதிவு அனுப்பினேன். ரயில் போகும் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "எல்லாரும் மாறினா மாறுறன் எண்டு எல்லாரும் சொன்னா ஆர் மாறுறது? ஆராவது முதல் ஆளா வாங்கோவன்!" எல்லோரும் கேட்டதற்கு நீல அடையாளம் விழுந்தது. ஒருவர் கட்டைவிரல் அனுப்பினார். மறுநாள் காலையில் பூப் படம் வந்தது.

மாறுவதற்குக் கொடுத்த இரண்டு வாரமும் இப்படியே போய்விட்டது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இல்லாத வகுப்புக்குப் பதிந்துவிட்டு வீட்டில் இருப்பதைவிட இருக்கிற வகுப்பில் விளங்காமல் இருப்பது மேல் என்று அதற்குள் முடிவுக்கு வந்திருந்தேன். அது நல்ல முடிவு இல்லை, களைத்துப்போனவனுடைய முடிவு. ஆங்கிலத்துக்கு மாறும் படிவத்தை நிரப்பிக்கொண்டு பதிவு அலுவலக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் தள்ளி ஒரு பழக்கமான முதுகு தெரிந்தது.

"நானா, நீங்க என்ன இங்க?"

அவர் திரும்பிப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். வரிசையில் தன் இடத்தை விட்டுப் பின்னால் வந்து என்னோடு நின்றார்.

"ஆராவது முதல் ஆளா வாங்க எண்டு நீங்கதானே கத்தினீங்க. கடைய மச்சான் பொறுப்புல உட்டுட்டு வந்தீக்கிறன், தமிழுக்கு மாற. நீங்க என்னத்துக்கு?"

படிவத்தை மடிக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அடப் பாவி மனுசா! நீங்க இங்கிலிஷுக்குப் போறீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "பின்ன என்ன செய்ய நானா? ரெண்டு கிழமையாக் கத்தித் தொண்டையும் போட்டுது. ஒருத்தரும் அசையேல்ல."

"நான் அசஞ்சீக்கிறன்தானே!"

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே!"

"கடையில சாமான் எறக்கிக்கிட்டீந்தன். நேர வந்து செல்லுவம் எண்டு நெனச்சன்."

எனக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை. வரிசையில் நின்றபடியே ஹட்டன் பெண்ணுக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் கடையில் துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப எத்தன பேருண்ணே?"

"ரெண்டு பேர். நீங்க வந்தா மூண்டு."

"ரெண்டு பேர நம்பி முதலாளிகிட்ட லீவு கேக்கவா? நல்லா இருக்குண்ணே. எனக்கு முன்னாடி இன்னும் கொஞ்ச பேர புடிங்க, அதுக்கப்புறம் நா வாறேன்."

நாங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்துவிட்டோம். நானா தன் படிவத்தை உள்ளே தள்ளினார். எழுதுநர் அதைப் பார்த்துவிட்டு, "தெமள பந்திய தாம நே" என்றார். தமிழ் வகுப்பு இன்னும் இல்லையாம். ஆள் சேர்ந்தால் அறிவிப்பார்களாம். எப்போது என்று கேட்டோம். அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையைக் குத்தினார். நானா தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையை விட்டுவிட்டு என் குரலை நம்பி வந்த மனிதருக்கு முன்னால் அந்தப் படிவத்தைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆக, இல்லாத வகுப்பில் இப்போது நாங்கள் இரண்டு பேர்.

அடுத்த சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கே போய் இருப்போம், யார் எழுப்புவார்கள் பார்ப்போம் என்று நானா சொன்னார். போனோம். கடைசி வரிசையில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஹட்டன் பெண் வந்து பக்கத்தில் இருந்தாள். பிறகு கன்டீனில் பார்த்த மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வரிசையைத் தேடி வந்தார்கள். அது நிரம்பியதும் முன் வரிசையைப் பிடித்தார்கள். முறைப்படி ஆங்கிலத்துக்குப் பதிந்தவர்கள்தான், ஆனால் விரிவுரையாளர் சொல்வது அவர்களுக்கும் பாதிதான் விளங்குகிறது. விளங்கியவர் விளங்காதவருக்குத் தமிழில் குசுகுசுக்கிறார். தவறாக விளங்கியதும் அதே வேகத்தில் வரிசை முழுக்கப் போகிறது. வரவுத்தாள் எங்கள் கைக்கு வந்தால் அதில் எங்கள் இரண்டு பேருடைய பெயர்களும் இல்லை. அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். பின்னால் சத்தம் போடாதீர்கள் என்று விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொல்கிறார். அது மட்டும் எல்லோருக்கும் விளங்குகிறது.

மூன்றாவது சனிக்கிழமை அந்த ஆலோசகர் மிஸ் எங்கள் வகுப்பு வாசலால் போனவர், எங்களைக் கண்டு நின்றார். இடைவேளையில் உள்ளே வந்தார்.

"எல்லாரும் இங்கயா இருக்கிறீங்கள்?"

"ஓம் மிஸ்" என்றேன். "தமிழுக்கு ஆள் காணாதாம்."

அவர் சிரிக்கவில்லை. வரிசையை ஒரு தடவை பார்த்தார். அவருடைய முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை மேலிடத்தில் கதைத்துப் பார்க்கிறேன், மாறும் காலம் முடிந்துவிட்டதால் என்ன சொல்வார்களோ தெரியாது என்றார். ஹட்டன் பெண் உடனே கேட்டாள், "மிஸ், மத்தவங்க மாறுனா நானும் மாறலாமா?" நானா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கதைத்தாரோ தெரியாது. இன்னும் ஒரு அறிவிப்பும் வரவில்லை. இரண்டாம் மாதம் தொடங்கிவிட்டது. நான் எழும்பிப் போய்விடுவேன் என்று சொன்ன மாதம் இதுதான். போன சனி காலை மழை. படுத்தே கிடந்தேன். இல்லாத வகுப்புக்கு நனைந்துகொண்டு போக எனக்கென்ன பைத்தியமா என்று நினைத்தேன். கைபேசி அடித்தது.

"தம்பி, எங்க நிக்கிறீங்க? நான் மருதானை ஸ்டேஷன் வாசல்ல நனஞ்சிக்கிட்டு ஈக்கிறன். சுருக்கா வாங்க."

திட்டிக்கொண்டே எழும்பினேன். மேலதிக ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.